உபுண்டுவில் போன் நெட் வரவில்லையா? முதலில் கேபிளைக் கையில் எடுங்கள்

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அக்கா மகன் ராத்திரி பத்தரை மணிக்கு அழைத்தான். "மாமா, உபுண்டு போட்டாச்சு. போன்ல ஹாட்ஸ்பாட் ஆன்ல இருக்கு. லேப்டாப்ல அது பேரே வரல. திரும்ப விண்டோஸே போட்டுடவா?"

வேண்டாம் என்றேன். உபுண்டுவும் விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம்தான், லினக்ஸ் வகை. நெட் வரவில்லை என்றால் வழியில் எங்கோ ஓர் இடத்தில்தான் அறுந்திருக்கும். போனில் அறுந்திருக்கலாம், போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே அறுந்திருக்கலாம், லேப்டாப்புக்குள்ளும் இருக்கலாம். அந்த இடம் தெரியாமல் எதையாவது மாற்றிக்கொண்டே போனால், நன்றாக இருந்ததும் கெட்டுவிடும். அன்று அவனுக்குப் போனில் சொன்ன வரிசையையே இங்கே எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பிலேயே தருகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். டெர்மினல் திறக்க கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

படி 1: போனிலேயே நெட் இருக்கிறதா?

போனின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் மட்டும் இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். பழைய தளம் என்றால் சேமித்து வைத்த பக்கத்தையே காட்டி ஏமாற்றும். தினசரி 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவர்கள் மீதி எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். அது தீர்ந்தபின் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். இணைப்பு இருப்பதாகவே காட்டும், பக்கம்தான் வராது. அதற்கு உபுண்டுவைத் திட்டிப் பயனில்லை.

படி 2: கேபிளில் கொடுத்துப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் அதே பக்கத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் உபுண்டுவின் மேல் மூலையில் 'வயர்டு' என்று ஓர் இணைப்பு தோன்றும். போன் தன்னை ஒரு நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொள்கிறது. அதற்கான டிரைவர் (அந்த கார்டை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஐபோன் என்றால் 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று திரையில் கேட்கும், சம்மதம் கொடுங்கள்.

யூஎஸ்பி டெதரிங் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறதா? பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜுக்கு மட்டுமே ஆன மலிவு கேபிள்களுக்குள் டேட்டா கம்பியே இருக்காது. வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேபிளில் நெட் வந்துவிட்டால் சிக்கல் வைஃபையில்தான். படி 3, 4 உங்களுக்கு. கேபிளிலும் வரவில்லை, ஆனால் போனில் வருகிறது என்றால் நேராகப் படி 5-க்குப் போங்கள். கேபிளால் இன்னொரு லாபமும் உண்டு. வைஃபை டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்ற கோழி-முட்டைச் சிக்கலைத் தீர்ப்பதும் இதே கேபிள்தான்.

படி 3: லேப்டாப்பில் வைஃபையே இல்லை

டெர்மினலில் இப்படி அடியுங்கள்:

ஆர்எஃப்கில் லிஸ்ட்

முதல் சொல்லுக்கு எழுத்துகள் ஆர், எஃப், கே, ஐ, எல், எல். 'வயர்லெஸ் லேன்' என்பதன் கீழே இரண்டு வரிகள் வரும். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு எதிரே 'யெஸ்' (ஆம்) என்றிருந்தால் மென்பொருள் அடைத்து வைத்திருக்கிறது. 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' என்று அடித்தால் திறந்துவிடும். சூடோ (எஸ், யூ, டி, ஓ) என்றால் நிர்வாகி உரிமையோடு இயக்கு என்று பொருள். 'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு எதிரே 'யெஸ்' என்றால் கட்டளையால் ஆகாது. லேப்டாப் ஓரத்தில் சின்னத் தள்ளு ஸ்விட்ச் இருக்கிறதா, எஃப் வரிசை விசைகளில் ஆன்டெனா படம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பட்டியலில் வயர்லெஸ் லேன் என்ற பேச்சே இல்லை, செட்டிங்ஸிலும் வைஃபை அடாப்டர் இல்லை என்கிறது என்றால் அநேகமாக டிரைவர் இல்லை. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கும். கேபிளில் நெட் கொடுத்துக்கொண்டு 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற செயலியைத் திறங்கள். அது தேடிக் காட்டுவதைத் தேர்ந்தெடுத்து 'அப்ளை சேஞ்சஸ்' கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருக்கும் கணினியில் இந்த இடத்தில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லலாம். அதைத் தாளில் எழுதி வையுங்கள். மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத்தைப் பார்த்துப் பதறி 'கன்டின்யூ' அழுத்திவிட்டால், டிரைவர் நிறுவியும் வேலை செய்யாது. முதல் தடவை நான் அப்படித்தான் அழுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

படி 4: பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, என் போன் மட்டும் தெரியவில்லை

போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'பேண்ட்' என்று ஒன்று இருக்கும். அது 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பழைய வைஃபை கார்டு பலவற்றுக்குக் கண்ணே தெரியாது. 2.4-க்கு மாற்றுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் சுவரைத் தாண்டியும் ஓரளவு எட்டும்.

பெயர் தெரிந்து, கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? அதே பக்கத்தில் 'செக்யூரிட்டி' என்பதைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்றிருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். பிறகு லேப்டாப்பில் அந்த இணைப்பை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். அப்புறம், யாரும் இணையவில்லை என்றால் சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்துவிடும் வசதியும் பல போன்களில் உண்டு. ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் பெயர் காணாமல் போயிருக்கும்.

படி 5: இணைந்துவிட்டது, பக்கம் திறக்கவில்லை

பிங் 8.8.8.8

இதை டெர்மினலில் அடியுங்கள். பிங் என்பது ஓர் எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. இது கூகுளின் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் சேவை) சர்வர் எண். பதில் வரி வரியாக வந்தால் நெட் இருக்கிறது (நிறுத்த கன்ட்ரோல், சி). அடுத்து எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. தெருவுக்கு வழி இருக்கிறது, வீட்டு விலாசம்தான் தெரியவில்லை. அந்த இணைப்பின் பற்சக்கரப் படத்தை அழுத்தி, 'ஐபிவி4' தாவலில் டிஎன்எஸ்ஸுக்கு எதிரே உள்ள 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணைத்து, 8.8.8.8, 1.1.1.1 என்று காற்புள்ளியிட்டு எழுதுங்கள். இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

எண்ணுக்கும் பதில் இல்லையா? போனிலோ லேப்டாப்பிலோ விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். பிறகு இது:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்

கடைசிச் சொல்லில் மட்டும் என், எம் இரண்டும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. உபுண்டுவில் இணைப்புகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் சேவை இதுதான். லேப்டாப் தூங்கி எழுந்தபின் வரும் பல கோளாறுகள் இதிலேயே போய்விடும்.

படி 6: வந்து வந்து போகிறது

போனைப் பக்கத்தில் வைத்தும் இப்படி என்றால் வைஃபை கார்டின் மின்சேமிப்பைச் சந்தேகிக்கலாம். இடிசி, அதற்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்ற கோப்புறைக்குப் போனால் பெயரில் 'வைஃபை-பவர்சேவ்' என்று வரும் ஒரு கோப்பு இருக்கும். அதை சூடோவோடு நானோ என்ற எழுத்துத் திருத்தியில் திறந்து, 3 என்று இருப்பதை 2 என்று மாற்றிச் சேமித்து, மேலே சொன்ன ரீஸ்டார்ட் கட்டளையைக் கொடுங்கள். பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும்.

அக்கா மகனுக்குப் படி 4-லேயே முடிந்துவிட்டது. புதுப் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. அண்ணனிடமிருந்து வாங்கிய லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும். மறுநாள் காலையில் திரும்ப அழைத்தான். "மாமா, எட்டு மணிக்கே இன்னைக்கு டேட்டா காலி." உபுண்டு பின்னணியில் அப்டேட் இறக்கியிருக்கிறது. இணைப்பின் பற்சக்கரத்தில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (இது அளவான டேட்டா என்று உபுண்டுவுக்குச் சொல்வது) என்பதை ஆன் செய்து வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.