தூக்கம் கெடாமல் லூசிட் ட்ரீம் பழகுவது எப்படி?

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிடுவதைத்தான் லூசிட் ட்ரீம் என்கிறார்கள். நான் கும்பகோணத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவன். காலை எட்டு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ். ராத்திரி தூக்கம் குறைந்தால் போர்டில் மைனஸ் குறி காணாமல் போகும், முதல் பெஞ்ச் சிரிக்கும். ஆகவே மறுநாள் வகுப்பைத் தொடாதவரைதான் இந்தப் பழக்கத்துக்கு என்னிடம் இடம்.

அடிக்கடி இப்படிக் கனவு கண்டால் உடம்புக்கு ஓய்வு கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கனவைவிட, அதை வரவழைக்க வைக்கிற அலாரம்தான் பெரும்பாலும் தூக்கத்தைத் தின்கிறது. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், கனவுக்குள் இருக்கும் ஒருவர் கண்ணை இடம் வலமாக அசைத்துச் சைகை கொடுப்பதைப் பதிவு செய்தார். கருவிகள் அப்போதும் அவர் தூங்குவதாகவே காட்டின. ஆக, அது அரைத்தூக்கம் அல்ல, தூக்கம்தான்.

ஆனால் இரவில் எந்த நேரம் எதற்கு என்று ஒரு கணக்கு உண்டு. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. உடம்பைத் தேற்றும் ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி முதல் பாதியிலேயே முடிந்துவிடும். கனவு செழிக்கும் ஆர்.இ.எம். தூக்கம், அதாவது மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டம், விடியலை நெருங்க நெருங்க நீளும். (விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். பலிப்பது இருக்கட்டும், அந்த நேரத்துக் கனவு நினைவில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.) லூசிட் ட்ரீமும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் வரும். முன்னிரவைத் தொடாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை போயிற்று.

சரி, எங்கே தொடங்குவது? முதல் இரண்டு வாரம் கனவுப் பக்கமே போகாதீர்கள். ஒரு சின்ன நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், மதியம் மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியதா என்று மட்டும் எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இப்போதே ஆறுதான் தூங்குகிறீர்கள் என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். பழகுவதற்கு முன் எப்படித் தூங்கினீர்கள் என்று தெரியாமல், பழகிய பிறகு கெட்டதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? ஸ்மார்ட் வாட்ச் காட்டும் தூக்க வரைபடத்தை நான் நம்புவதில்லை. மூன்று மணிக் கண்ணைத்தான் நம்புகிறேன்.

அதன்பின் கனவு எழுதத் தொடங்குங்கள். காலையில் எழுந்தபிறகு, பென்சிலால், நாலு வரி போதும். நடு இரவில் விழித்து செல்போன் வெளிச்சத்தில் டைப் செய்யாதீர்கள். மறந்து போகிற கனவு போகட்டும்.

பகல் வேலை ஒன்று இருக்கிறது, அதற்குத் தூக்கச் செலவே இல்லை. பகலில் பழகிய சோதனை கனவிலும் கை கொடுக்கும் என்பதுதான் கணக்கு. ஏதாவது ஓர் எழுத்தைப் படித்து, முகத்தைத் திருப்பி, மறுபடி படிப்பது. கனவில் எழுத்தும் எண்ணும் நிலையாக நிற்பது அரிது. நான் போர்டில் எழுதிய 7-ஐத் திரும்பிப் பார்ப்பேன். அது 4 ஆகியிருந்தால் கனவு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி, வந்தால் கனவு. சடங்காகச் செய்தால் பயனில்லை. "இப்போது கனவாக இருக்குமோ?" என்று நிஜமாகவே ஒரு கணம் சந்தேகப்பட வேண்டும்.

இனி அலாரம். ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, கொஞ்சம் விழித்திருந்து, "அடுத்து கனவு வரும்போது அது கனவு என்று எனக்கு நினைவு வரும்" என்று மனதில் சொல்லிக்கொண்டு மறுபடி தூங்குவதுதான் பரவலான முறை. மனதில் சொல்லிக்கொள்ளும் அந்தப் பயிற்சியை வகுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் லபர்ஜ். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பயிற்சி முடிந்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு ஏறக்குறைய பாதி முயற்சிகளில் லூசிட் ட்ரீம் வந்திருக்கிறது. கனவு வந்தவர்களுக்கு மறுநாள் தூக்கக் குறைவும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், சீக்கிரம் தூங்கிவிடுவதுதான் கனவுக்கும் வழி, ஓய்வுக்கும் வழி. புரண்டு புரண்டு படுத்தபடி முயல்கிறவருக்கு இரண்டுமே கிடைக்காது.

அதனால் என் விதிகள் கறார். மறுநாள் விடுமுறை என்றால் மட்டும் அலாரம், அதுவும் ஒன்றே ஒன்று, வைப்ரேஷனில் தலையணைக்கு அடியில். (என் மனைவியும் அதே அறையில் தூங்குகிறாள், அவள் தூக்கமும் தூக்கம்தான்.) எழுந்தால் பாத்ரூம், ஒரு மடக்குத் தண்ணீர், விளக்குப் போடாமல் பத்து நிமிடம். பிறகு படுக்கை. கண் இழுக்கவில்லை என்று தோன்றினால் அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு, சும்மா தூங்கப் பாருங்கள். மார்கழியில் எனக்கு அலாரமே தேவையில்லை, தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும். பொதுத்தேர்வு மாதத்தில் அலாரம் கிடையவே கிடையாது.

கனவுக்குள் போன பிறகும் ஓய்வைக் கெடுத்துக்கொள்ள வழி உண்டு. பறக்க வேண்டும், கடலைக் கொண்டுவர வேண்டும் என்று வேலை வாங்கினால், பரபரப்பிலேயே விழிப்பு வந்துவிடும். விழித்ததும் அதே கனவைத் துரத்திக்கொண்டு திரும்பவும் படுப்பவர்கள்தான் காலையில் சோர்ந்து எழுகிறார்கள். வேடிக்கை மட்டும் பாருங்கள், கலைந்தால் கலையட்டும். எனக்குச் சலிப்பூட்டுவது பொய் விழிப்பு. பல் தேய்த்து, காபி குடித்து, அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்தபின் நிஜமாகவே விழித்தால், ஒரு நாள் வேலையைச் சம்பளமில்லாமல் செய்ததுபோல் இருக்கும்.

முயலாமலேயே வாரத்தில் பல இரவு இப்படி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் களைப்பு இருந்தால் காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும். ஜெர்மனியில் மைக்கேல் ஷ்ரெடல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் பார்த்தபோது, அடிக்கடி லூசிட் ட்ரீம் காண்பவர்களின் தூக்கத் தரம் சற்றுக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் கெட்ட கனவுகளையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. எனவே கனவின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பயந்து விழிக்கிறீர்களா, குறட்டை உண்டா, இரவில் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதியம் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது. படுக்கப் போகவே பதற்றமாக இருப்பது. விழித்தும் கை கால் அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற, ஊரில் அமுக்குவான் பேய் என்கிறோமே, அது அடிக்கடி வருவது. பகலிலும் எல்லாம் கனவு போலவே தோன்றுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அலாரமும் வேண்டாம், பகல் சோதனையும் வேண்டாம். வலிப்பு, பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்), மனச்சிதைவு உள்ளவர்கள் தொடங்கவே வேண்டாம். வலிப்பும் பைபோலாரும் இருப்பவர்களுக்குத் தூக்கம் கலைவதே நோயைத் தூண்டிவிடலாம். கனவுக்காக கேலண்டமைன் விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அல்சைமர் நோய்க்கான மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கக் கூடியது. பக்கத்திலேயே போகாதீர்கள்.

நிறுத்தி இரண்டு மூன்று வாரமாகியும் களைப்பு தீரவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். கனவு எழுதிய பக்கங்களை அல்ல, படுத்த நேரமும் மூன்று மணிக் கணக்கும் இருக்கிற பக்கங்களை.