ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வந்த வெள்ளை வளையம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு அடுப்படி ரொம்ப இருட்டு, ஆனால் ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் வெயில் கண்ணைக் கூசும். அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் பாட்டியையும் அந்தச் சரிவையும் ஒரே படத்தில் கொண்டுவர எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவரை அசையாமல் இருக்கச் சொல்லி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நான்கு மடங்கு வெளிச்சமாக ஐந்து படம் எடுத்து, டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் சொன்ன முறையில் ஒரே எச்டிஆர் கோப்பாக, அதாவது இருட்டும் வெயிலும் முழு வீச்சில் பதிவாகும் கோப்பாகச் சேர்த்தேன். அது சுலபம். அவ்வளவு பெரிய வெளிச்ச வித்தியாசம் சாதாரணத் திரையில் அடங்காது, அதை அமுக்கிக் காட்டுவதுதான் பெரும்பாடு.

முதலில் எல்லா பிக்சலுக்கும் ஒரே வளைவை (எந்த வெளிச்சம் எவ்வளவாக மாற வேண்டும் என்ற கணக்கை) போட்டு அமுக்கினேன், பாட்டி முகத்துச் சுருக்கமெல்லாம் மழுங்கிவிட்டது. அப்புறம் காஸியன் மங்கலில் (பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுத்து மங்கலாக்கும் முறையில்) சுற்றுப்புற வெளிச்சத்தைப் பிரித்து அதை மட்டும் அமுக்கினால், ஜன்னல் சட்டத்துக்கு வெளியே வெள்ளை வளையம், உள்ளே கரி பூசின மாதிரி ஒரு பட்டை! மங்கலாக்கும்போது இருட்டும் வெயிலும் சட்டத்தைத் தாண்டிக் கலந்துவிடுவதுதான் காரணம்.

டுராண்டும் டார்சியும் 2002-இல் எழுதிய பைலேட்டரல் வடிகட்டி முறைதான் கைகொடுத்தது. இதுவும் மங்கலாக்குவதுதான், ஆனால் பக்கத்துப் பிக்சலின் வெளிச்சம் ரொம்ப வேறுபட்டால் அந்தப் பிக்சலை இந்த வடிகட்டி கிட்டத்தட்டச் சேர்ப்பதே இல்லை. ஒளிர்வை லாக் 10-க்கு (10 அடிமான மடக்கைக்கு) மாற்றி, சிக்மாவை (எவ்வளவு வித்தியாசம் வரை சேர்க்கலாம் என்ற அளவை) வெளிச்ச வித்தியாசத்துக்கு 0.4, தூரத்துக்குப் படத்தின் அளவில் 2 சதவீதம் என்று வைத்தேன். வடிகட்டி தந்த அடித்தளத்தை மட்டும் அமுக்கி, அதைக் கழித்தபின் மிஞ்சும் நுணுக்கத்தை அப்படியே கூட்டி, நிறத்தைப் பழைய விகிதத்தில் திருப்பிக் கொடுத்ததும் வளையம் போய்விட்டது. வெளியே சில்வர் ஓக் இலைகளின் வெள்ளி அடிப்புறம் தெரிகிறது, உள்ளே தணலின் சிவப்பும் தெரிகிறது.