கரையிலிருந்து இறங்கி டைவ் அடிக்கிறீர்களா? ஹார்னஸை நடந்து பார்த்து வாங்குங்கள்

படகில் போய் ஸ்கூபா டைவ் அடிக்கிறவர்களுக்கு, காற்றுச் சிலிண்டரை முதுகில் தாங்கும் வார்களான ஹார்னஸ் பெரிய தலைவலியே இல்லை. உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தால் தண்ணீர், அதற்கு மேல் சுமையைக் கடல் பார்த்துக்கொள்ளும். கரையிலிருந்து இறங்குகிற நமக்குத்தான் பாடு. காற்று நிரப்பிய அலுமினியம் 80 என்கிற வழக்கமான சிலிண்டர் மட்டுமே ஏறக்குறைய 16, 17 கிலோ. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி), பிசிடி (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பை), உடலை அமிழ்த்தும் ஈயக்கட்டி எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவை எட்டிவிடும். அதை முதுகில் போட்டுக்கொண்டு மணலிலும் வழுக்குப் பாறையிலும் நடக்க வேண்டும், களைத்துப்போன கால்களோடு அதே வழியில் ஏறியும் வர வேண்டும்.

அதனால் கடையில் வெறும் பிசிடியை மாட்டிக் கண்ணாடி முன் நிற்பதில் பயனில்லை, அப்படி நின்றால் எல்லாமே சொகுசாகத்தான் இருக்கும். நிரம்பிய சிலிண்டரைக் கட்டித்தரச் சொல்லுங்கள். வெட்சூட்டையும் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டுக்கொள்ளுங்கள், 5 மில்லிமீட்டர் சூட் போட்டால் அளவே மாறிவிடும். லேசாக முன்னால் குனிந்து சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு, முதலில் இடுப்பு வாரை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்குங்கள், தோள் வார் அப்புறம்தான். நிமிர்ந்த பிறகு தோள் வாருக்கு அடியில் இரண்டு விரல் சுலபமாக நுழைந்தால் எடை இடுப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம், நுழையவில்லையென்றால் மொத்தச் சுமையும் தோளில்தான். சரி, இனி பத்து நிமிடம் நடங்கள், படி ஏறி இறங்குங்கள், ஃபின் (நீந்தும் துடுப்புச் செருப்பு) மாட்டுவதுபோல் ஒற்றைக் காலைத் தூக்கிப் பாருங்கள். நிமிர்ந்து பார்க்கும்போது வால்வு பின்மண்டையில் இடித்தால் சிலிண்டரைக் கொஞ்சம் இறக்கிக் கட்ட வேண்டும்.

பிசிடியில் உடம்பைச் சுற்றிக் காற்று நிறையும் ஜாக்கெட்டா, முதுகுப்பக்கம் மட்டும் காற்று நிறையும் விங்கா என்று கேட்டால் நான் விங் பக்கம். கரையிலிருந்து போகும்போது மேல்மட்டத்திலேயே வெகுதூரம் நீந்த வேண்டியிருக்கும், காற்றடைத்த ஜாக்கெட் விலாவை நெருக்கினால் மூச்சு வாங்கும். விங்கில் நெஞ்சு ஃப்ரீயாக இருக்கும், ஆனால் அளவுக்கு மீறிக் காற்றடைத்தால் முகம் குப்புறத் தள்ளும், கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ளப் பழக வேண்டும். விங்கோடு வரும் முதுகுத் தகடான ஸ்டீல் பேக்பிளேட் கிட்டத்தட்ட 2.5 கிலோ என்று பயப்படாதீர்கள், அந்த அளவு ஈயத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரே துண்டு வாரில் செய்த ஹார்னஸ் உறுதியானது, உடைந்துபோக அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் அலை உருட்டிவிட்டு முழங்கால் ஆழத்தில் கிடக்கும்போது நனைந்த சூட்டோடு அதிலிருந்து தோளை உருவிப் பாருங்கள், தெரியும். ஒரு தோளிலாவது கழற்றும் பக்கிள் இருப்பது நல்லது என்பேன். பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பக்கிள் பிளாஸ்டிக் என்றால் மணல் புகுந்து கிளிக் ஆகாமல் படுத்தும், இறங்கும் முன் ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

தோளுக்கு மெத்தை மெத்தையாக ஃபோம் வைத்ததைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபோம் மிதக்கும், அதை அமிழ்த்தவே கூடுதல் ஈயம் வேண்டும், அந்த ஈயத்தையும் சுமக்கப்போவது நீங்கள்தான்!

கால் இடுக்கு வார் இருந்தால் நீந்தும்போது செட் கழுத்துக்கு ஏறாது, படி ஏறும்போது இழுக்காத அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். தனியாக எடை பெல்ட் கட்டுகிறவர்கள் இதில் கவனம்: பெல்ட் அந்த வாருக்கு வெளிப்பக்கமாக, அதன் மேல் வர வேண்டும். அடியில் மாட்டிக்கொண்டால் அவசரத்தில் பெல்ட்டை அவிழ்த்தாலும் கீழே விழாமல் வாரிலேயே தொங்கும்.

சிலிண்டரைக் கட்டும் நைலான் பட்டையை நனைத்த பிறகு இறுக்குங்கள், காய்ந்திருக்கும்போது இறுக்கினால் தண்ணீரில் தளர்ந்து சிலிண்டர் நழுவும். நான் இரட்டைப் பட்டைக்கு மாறியதே அப்படி ஒருமுறை அலைக்கு நடுவில் நின்று தடவித் தடவிக் கட்டிய பிறகுதான்.

வாங்கும் முன் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு டைவ் போய்வர முடிந்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்து சூட்டைக் கழற்றியதும் தோளைப் பாருங்கள், சிவந்த தடம் இருந்தால் அடுத்த முறை இடுப்பு வாரை இன்னும் இறுக்கிவிட்டுத் தோள் வாரை ஓர் அங்குலம் விடுங்கள். அப்படியும் தடம் விழுந்தால் அது உங்கள் முதுகு நீளத்துக்கான அளவு இல்லை, வேறு சைஸ் கேளுங்கள்.