குழந்தைகளின் அட்ரீனல் கட்டி: ஜூனியர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்து ஹார்மோன் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணியில் (வெளிப்பகுதியில்) வரும் கட்டி, பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்குக்கூட வராது. தெற்கு பிரேசிலில் மட்டும், புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் ஒரு மாற்றத்தால், 10 முதல் 15 மடங்கு அதிகம். ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்காதது போன்ற கவனக்குறைவுகளை விட்டுவிடுகிறேன்.

விரையைத் தொட்டுப் பார்க்காமல் ‘பருவம் முந்திவிட்டது’ என்பது

இன்னமும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். இரண்டரை வயதுப் பையன். நெற்றியில் பரு, அக்குளில் பெரியவர்களின் வியர்வை வாடை, ஆணுறுப்பின் அடியில் கறுத்த முடி. “தாத்தா மாதிரி நல்ல வளர்த்தி டாக்டர்” என்று பாட்டிக்கு ஒரே பெருமை. முதலில் பார்த்த இடத்தில் “ஹார்மோன் கொஞ்சம் முந்திக்கிச்சு, ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். விரைகளோ, விரையின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுமாலையின் 2 மில்லி மணியைக்கூட எட்டவில்லை.

மூளை கட்டளையிட்டுப் பருவம் தொடங்கினால் முதலில் விரைதான் பெருக்கும்; 4 மில்லியைத் தொடும். விரை சிறுத்தே இருக்க, முடியும் பருவும் மட்டும் வந்தால் ஆண் ஹார்மோன் வேறெங்கிருந்தோ வருகிறது. முதல் சந்தேகம் அட்ரீனல்மேல்தான்: பிறவிக் குறைபாடு, இல்லையென்றால் கட்டி. அன்றைக்கே வயிற்று ஸ்கேனும், டிஹெச்இஏ-எஸ், டெஸ்டோஸ்டிரோன், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனைகளும் எழுதுங்கள். பெண் குழந்தைக்கு மார்பு வளராமல் முடி வந்து, கிளிட்டோரிஸும் பெருத்திருந்தால் அங்கேயும் இதே சந்தேகம்தான். கட்டி 100 கிராமுக்குள் இருக்கும்போதே முழுதாக எடுத்துவிட்டால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையே போதும். ‘ஆறு மாசம்’ என்று அனுப்பும்போது அந்த வாய்ப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறோம்.

ஊசி குத்தி பயாப்ஸி

வேண்டாம். கட்டியின் உறை கிழிந்தால் அது வயிற்றுக்குள் சிதறும்.

‘குண்டுக் குழந்தை’

சாப்பிட்டுக் குண்டாகும் குழந்தை பெரும்பாலும் உயரமும் ஆகும். எடை ஏறி உயரம் நின்றுபோனால், அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் மிகுந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

பீட்டா பிளாக்கரில் தொடங்குவது

அட்ரீனலின் உட்பகுதியில் வந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி என்றால், அழுத்த மருந்துகளில் ஆல்ஃபா பிளாக்கர்தான் முதலில். எப்போதும்.

கட்டியை எடுத்ததோடு முடிந்தது என்று நினைப்பது

கட்டி கார்டிசால் சுரந்திருந்தால் மறுபக்கச் சுரப்பி வேலையை மறந்திருக்கும். கார்டிசாலுக்கு மாற்றான ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை ஆபரேஷன் மேசையிலேயே தொடங்குங்கள். அப்புறம், குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லையென்று சொன்னாலும் டிபி53 பரிசோதனையை விடாதீர்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அந்த மரபணுவில் ஏதாவதொரு மாற்றம் பிறவியிலேயே இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து வந்திருந்தால் அவருக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு; அவருடைய மார்பகப் பரிசோதனையையும் அப்போதே தொடங்க வேண்டும்.