'லாயபுலம்' ராயபுரம் ஆக ஒரு துளி வெல்லப்பாகு

தங்கை மகனுக்கு நாலரை வயது. 'ராயபுரம்' அவன் வாயில் 'லாயபுலம்'. திருத்தினால் வாயையே மூடிக்கொள்வான். அதனால் விளையாட்டாக்கிவிட்டோம். மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் ஒரு துளி வெல்லப்பாகு. நாக்கு நுனியால் அதை நக்க வேண்டும். கண்ணாடி முன்னால் என்றால் இன்னும் குஷி. இடம் பழகியதும் காசிமேட்டு விசைப்படகு கிளம்புவதுபோல 'டுர்ர்ர்'. அப்புறம்தான் ரயில், ரசம், கடைசியில் ராயபுரம். தினம் ஐந்து நிமிடம் போதும்.

'வாழைப்பழம்' 'வாயப்பயம்' ஆனால் பதற வேண்டாம், அது நம் வடசென்னைத் தெருவில் கேட்டுப் பிடித்ததாக இருக்கும்! ர, ழ இரண்டும் தாமதமாக வரும் ஒலிகள்தான். ஆனால் நான்கு வயதாகியும் வெளியாட்களுக்குப் பேச்சே புரியவில்லை என்றால், முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று டாக்டரிடம் பரிசோதித்துவிடுங்கள்.