வலிப்பு நின்ற பிறகு கை தூக்க வரவில்லையா? வீட்டில் நடக்கும் தவறுகள்

வலிப்பு வந்து நின்றுவிட்டது. மூச்சு சீராகிறது, கண் திறக்கிறார், பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறார். அப்பாடா என்று நிமிரும்போதுதான் வலது கை துவண்டு கிடப்பது கண்ணில் படுகிறது. தூக்கச் சொன்னால் தூக்க வரவில்லை. காலும் அப்படியே. இந்த இடத்தில் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒருவர், "பக்கவாதம் வந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று உடைந்துபோவார். இன்னொருவர், "வலிப்பு வந்தால் அசதி இருக்கத்தான் செய்யும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்பார். இருவருமே தீர்ப்பை முந்திச் சொல்கிறார்கள்.

இரண்டாமவர் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. வலிப்புக்குப் பிறகு உடலின் ஒரு பகுதி சில மணி நேரம் செயலிழந்து, தானாகவே மீண்டுவிடுவது மருத்துவ உலகுக்குப் பழைய செய்தி. டப்ளினில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவர் 1849-இல் தன் சொற்பொழிவுகளில் இதை விவரித்தார். அவர் பெயராலேயே இதை 'டாட்ஸ் பராலிசிஸ்' என்கிறார்கள். கை மட்டும் விழலாம். ஒரே பக்கத்துக் கை, கால், முகம் மூன்றும் சேர்ந்து விழலாம். சிலருக்குப் பேச்சு வராது, சிலருக்கு ஒரு பக்கப் பார்வை தெரியாது. அரை மணியிலும் விலகும், 36 மணி நேரம் வரையும் இழுக்கும். சராசரி சுமார் 15 மணி நேரம். பெரும்பாலானோருக்கு இரண்டு நாளுக்குள் சுவடே இல்லாமல் போய்விடும்.

வலிப்பின்போது மூளையின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் கட்டுமீறித் துடிக்கின்றன. நின்ற பிறகு அதே பகுதி அடங்கிக் கிடக்கிறது. அணுக்கள் களைத்துப்போவதாலா, வலிப்பை அடக்க மூளை போட்ட பிரேக் விடுபடாமல் நிற்பதாலா, அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் சற்று நேரம் குறைவதாலா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கக்கூடும்.

சரி, இவ்வளவு தெரிந்த பிறகும் தவறு எங்கே நேர்கிறது?

'தற்காலிகம்' என்ற சொல்லில்தான். அந்தச் சொல்லை முதல் மணி நேரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கை திரும்ப வந்த பிறகு, வேறு காரணம் எதுவும் இல்லை என்று பரிசோதித்த பிறகு, பின்னோக்கிப் பார்த்து வைக்கும் பெயர் அது. ஏனென்றால் பக்கவாதமே சில சமயம் வலிப்போடு தொடங்கும். மூளையில் ரத்தக் கசிவு, கட்டி, மூளைத் தொற்று என எதுவாக இருந்தாலும் வலிப்பும் வரும், ஒரு பக்கம் பலவீனமும் வரும். ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினால்கூட இந்த இரண்டும் சேர்ந்து வரலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் அது. அவர் கிடக்கும் கோலத்தை வைத்து மட்டும் இதில் எது என்று அனுபவமுள்ள மருத்துவரே சொல்லத் தயங்குவார். அதனால்தான் சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. என்று பார்க்கிறார்கள்.

ஆகவே "தூங்கட்டும், காலையில் பார்ப்போம்" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ரத்தக் குழாய் அடைத்து வந்த பக்கவாதம் என்றால், அடைத்த ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 15 மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று காத்திருந்தால், அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். ஆம்புலன்ஸை அழைத்துக் கிளம்பிய பிறகு பாதி வழியிலேயே கை அசையத் தொடங்கினால் நல்லது, யாரும் உங்களைக் கேலி செய்யப் போவதில்லை.

ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர், ஒவ்வொரு முறையும் இதே கை இதே போல விழுந்து எழும், மருத்துவருக்கும் தெரியும் என்றால் கதை கொஞ்சம் வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் 'வழக்கமானதுதான்' என்ற நினைப்பு அவர்களையும் ஏமாற்றும். இந்த முறை மறு பக்கம் விழுந்திருக்கிறதா, வழக்கத்தைவிட நேரம் கூடுகிறதா, கடும் தலைவலியோ காய்ச்சலோ உண்டா, விழுந்ததில் தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரா, கர்ப்பிணியா? இதில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் கிளம்பிவிட வேண்டியதுதான்.

அடுத்த தவறு, கடிகாரத்தைப் பார்க்காதது. பதற்றத்தில் அரை நிமிடம் அரை மணி போலத் தெரியும். மருத்துவமனையில் முதலில் கேட்பார்கள்: வலிப்பு எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது, கை வரவில்லை என்று எப்போது கவனித்தீர்கள், கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். பக்கவாத சிகிச்சைக்கான கணக்கு அந்த நிமிடத்திலிருந்துதான் ஓடுகிறது. இரவு பத்து மணிக்குப் படுத்தவரைக் காலை ஆறு மணிக்கு இந்த நிலையில் பார்த்தால், 'ஆறு மணிக்கு வந்தது' என்று சொல்லக் கூடாது. 'பத்து மணிக்கு நன்றாக இருந்தார்' என்று சொல்ல வேண்டும்.

எந்தப் பக்கம் முதலில் வெட்டி இழுத்தது என்பதையும் கவனியுங்கள். டாட்ஸ் பராலிசிஸ் பெரும்பாலும் வலிப்பில் துடித்த அதே பக்கத்தில்தான் வரும். இடது கை துடிக்கத் தொடங்கி, இடது கையே விழுந்திருந்தால் பொருந்திப் போகிறது. இடது கை துடித்து வலது கை விழுந்திருந்தால் மருத்துவர் வேறு திசையில் யோசிப்பார். ஆபத்தில்லாத இடத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் சிறு வீடியோ எடுக்கச் சொல்லலாம். வலிப்பு வரும்போது வீடியோவா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பத்து நிமிட விளக்கத்தைவிட இருபது நொடி வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

வலிப்பு உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதும் ஒரு கேள்வி. பெரிய வெட்டுகள் நின்றிருக்கும். கட்டை விரல் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும், அல்லது கண் இமையோ வாய் ஓரமோ இழுக்கும், அல்லது கண்கள் ஒரே பக்கமாகச் செருகி நிற்கும். இது பின்விளைவாக இல்லாமல், வலிப்பே மறைவாகத் தொடர்வதாக இருக்கலாம். 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தாலோ, நடுவில் நினைவு திரும்பாமல் மீண்டும் மீண்டும் வந்தாலோ அது அவசர நிலை. துடிப்பே வெளியில் தெரியாத வலிப்பும் உண்டு, இ.இ.ஜி. எடுத்தால்தான் பிடிபடும்.

இனி, அன்பினால் செய்யும் தவறுகள். கை விழுந்திருக்கிறதே என்று அதைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். தசை தளர்ந்திருக்கும் தோளை இழுத்தால் மூட்டுக்கு ஆபத்து. இன்னொரு சங்கதி: பலமான வலிப்பில் தோள்மூட்டு பின்பக்கமாக நழுவிவிடுவதுண்டு. அப்போதும் கையைத் தூக்க முடியாது. பார்ப்பவருக்கு அது வாதம் போலவே தெரியும். எக்ஸ்ரேயில்கூடத் தவறிப்போகும் காயம் இது. விரல்களை மடக்கி நீட்ட முடிகிறது, தோளைத் தொட்டால் மட்டும் துடித்துப்போகிறார் என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நடக்க வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். 'ரெண்டு அடி வையுங்கள் பார்ப்போம்' என்று தூக்கி நிறுத்தினால், பலமில்லாத கால் மடங்கி அவர் தலை தரையில் மோதும். தண்ணீரோ மாத்திரையோ உடனே வாயில் ஊற்றக் கூடாது. முகமும் தொண்டையும் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் விழுங்கியது நுரையீரலுக்குப் போய்விடும். முழு நினைவோடு உட்கார்ந்து, தெளிவாகப் பேசும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். கையைத் தேய்த்துவிடுவதால் கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் இல்லை. கோளாறு கையில் இல்லையே, மூளையில்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். மாத்திரை போட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று சிலர் நிறுத்திவிடுவார்கள்; திடீரென நிறுத்தினால் அடுத்த வலிப்பு இன்னும் பலமாக வரும் வாய்ப்பு உண்டு. சிலர் பயந்து இரண்டு மடங்காகக் கொடுப்பார்கள். இரண்டும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. அதோடு, தவறவிட்ட வேளைகளை மறைக்காதீர்கள். 'ஒழுங்காகத்தான் போட்டார்' என்று கௌரவத்துக்குச் சொல்லும் ஒரு பொய், தேவையில்லாத புது மருந்தில் கொண்டுபோய் விடும்.

முன்பு பக்கவாதம் வந்து ஓரளவு தேறியவருக்குப் பிறகு வலிப்பு வருவதுண்டு. வந்தால், தேறிய அதே கை மறுபடி விழலாம். இரண்டாவது பக்கவாதம் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே மூளையில் தழும்பு இருப்பதால் பலவீனம் விலகக் கூடுதல் நேரமும் ஆகலாம். வலிப்பை யாரும் பார்க்கவில்லை என்றால் குழப்பம் முற்றும். நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறதா, உடை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். உறுதியான சாட்சிகள் இல்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டிய தடயங்கள்.

இத்தனை ஓட்டத்தில் படுத்திருப்பவரை எல்லோரும் மறந்துவிடுவது சாதாரணம். அவருக்குக் காது கேட்கும். பேச வராவிட்டாலும் தலைமாட்டில் நின்று "இனி எழுந்திருக்க மாட்டார்" என்று அழுவது அவருக்குப் புரியக்கூடும். பக்கத்தில் உட்கார்ந்து, "வலிப்பு வந்தது, நின்றுவிட்டது, கை இப்போது வராது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்ட பிறகு வரும் தவறும் ஒன்று உண்டு. கை திரும்பிவிட்டது, அத்தோடு கதை முடிந்தது என்று அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லாமலே விட்டுவிடுவது. எந்தக் கை, எவ்வளவு நேரம் என்ற தகவல், வலிப்பு மூளையின் எந்தப் பக்கத்தில் கிளம்புகிறது என்று காட்டும் நல்ல அடையாளம். மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும், அறுவை சிகிச்சை யோசிக்கப்படுபவர்களுக்கு இடத்தைக் குறிப்பதிலும் அது உதவும். குழந்தைகள் என்றால் இன்னும் முக்கியம். காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் சாதுவானது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கை வராமல் போயிருந்தால் அதைச் 'சாதாரணக் காய்ச்சல் வலிப்பு' என்ற கணக்கில் சேர்க்க மாட்டார்கள், கூடுதலாகப் பரிசோதிப்பார்கள். பத்தே நிமிடத்தில் சரியாகியிருந்தாலும் தேதி, நேரம், பக்கம் மூன்றையும் குறித்து வைத்து, அடுத்த முறை போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.