வெட்டியெடுத்த கட்டியில் ஆபத்தான விளிம்பை ஒளியால் கண்டுபிடிப்பது

தலை, கழுத்துப் பகுதியின் செதிள் செல் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் ஈஜிஎஃப்ஆர் புரதம் மிகுதி. அதைப் பற்றிக்கொள்ளும் பனிட்டுமுமாப் எதிர்ப்பொருளில் ஐஆர்டை800 சாயத்தை இணைத்து ஏற்றினால், அகச்சிவப்புக் கேமராவில் கட்டி ஒளிரும். இது இன்னும் மருத்துவ ஆய்வு நிலையில்தான் உள்ளது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு மட்டுமே செய்ய வேண்டியது.

ஆய்வுகளில் 50 மி.கி. மருந்தை அறுவைக்கு 1 முதல் 5 நாள் முன்பு டிரிப்பில் ஏற்றுகிறார்கள். அன்று காலையில் ஏற்றிப் பயனில்லை. சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள மூலக்கூறு கட்டிக்குள் மெதுவாகத்தான் ஊறும். ரத்தத்தில் மிஞ்சியது குறையவும் நாளாகும். ஏற்றுமுன் மெக்னீசியம் அளவையும் ஈசிஜியையும் பாருங்கள். சாயம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் குப்பியை மூடியே வையுங்கள்.

காயத்துக்குள் பார்க்கும்போது தியேட்டர் விளக்குகளை அணைத்துவிடுங்கள். சில விளக்குகளின் அகச்சிவப்பு படத்தையே மூழ்கடிக்கும். ரத்தம் தேங்கினால் ஒளி மங்கும், கழுவித் துடையுங்கள். தோல், சளிச்சவ்வு, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றிலும் ஈஜிஎஃப்ஆர் உண்டு. ஆகவே ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல.

எங்கள் கணிப்பில், இந்த முறை உண்மையில் கைகொடுப்பது கட்டியை வெளியே எடுத்தபின்தான். எடுத்த கையோடு திசை தெரிய நூல் கட்டுங்கள்: எது மேல், எது முன் என்று. சலைனில் அலசி ஒற்றியெடுங்கள். படமெடுத்து முடியும்வரை ஃபார்மலின் வேண்டாம், கத்தியும் வேண்டாம். வெளிச்சம் புகாத பெட்டியில் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே எக்ஸ்போஷர், ஒரே தூரம். தானியங்கிப் பிரகாசம் ஓடினால் மங்கலான பக்கமும் பளிச்சென்று தெரியும், ஒப்பீடே கெட்டுவிடும்.

அடிப்பக்கத்தில் அதிகம் ஒளிரும் புள்ளியைத் தேடுங்கள். கட்டியை மூடியிருக்கும் நல்ல திசு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் ஒளி கூடுதலாகக் கசியும். அந்த இடத்தில் மை வைத்து, உறைவெட்டுக்கு (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) முதலில் அங்கிருந்தே அனுப்புங்கள். புற்றுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் உள்ள இடைவெளி 5 மி.மீ.க்குக் குறைந்தால் அது நெருங்கிய விளிம்பு. சளிச்சவ்வு ஓரத்தை இப்படிப் படிக்க முடியாது, அது தானே ஒளிரும்.

மை வைத்த புள்ளிக்கு நேரான இடத்தைக் காயப் படுகையிலும் அப்போதே குறியுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்: விளிம்பு நெருக்கம் என்று அறிக்கை வரும், கூடுதலாக எங்கே வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது. ஒளியே இல்லாவிட்டாலும் நிம்மதியடைய வேண்டாம். ஆழத்தில் கிடக்கும் புற்று கேமராவுக்கு எட்டாது, செத்த திசு நிறைந்த கட்டியின் நடுப்பகுதியும் இருண்டே தெரியும்.